பதினேழு வயதில் மருத்துவக் கல்லூரி நேர்காணல்: பி.எஸ்./எம்.டி. விண்ணப்பதாரர்கள் தயாராகும் முறை

அமெரிக்காவில் மருத்துவராக விரும்புகிறவர் வழக்கமாக நான்கு ஆண்டு இளநிலைப் பட்டப் படிப்பின் ஊடே மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டை எழுதி, அதன் பிறகே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார். பி.எஸ்./எம்.டி. அல்லது பி.ஏ./எம்.டி. என்று அழைக்கப்படும் ஒருங்கிணைந்த திட்டங்களோ, பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே இளநிலைப் பட்டம், எம்.டி. எனும் மருத்துவப் பட்டம் ஆகிய இரண்டு படிப்புகளுக்கும் சேர்த்து இடம் தருகின்றன. பெரும்பாலானவை 8 ஆண்டுகள் நீள்பவை. நியூயார்க் மாநகரப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி நடத்துவது 7 ஆண்டுகள், மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகம் நடத்துவது 6 ஆண்டுகள். இடங்கள் மிகக் குறைவு. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் திட்டம் ஆண்டுக்கு 28 பேரைச் சேர்க்கிறது. அதுவே பெரிய எண்ணிக்கை என்று சொல்லத்தக்க அளவில்தான் பல திட்டங்கள் இருக்கின்றன.

நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டால், மதிப்பெண்களைப் பற்றிய கவலையை அங்கேயே விட்டுவிடலாம். அழைக்கப்பட்ட எல்லோருமே நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். எதிரில் அமர்ந்திருப்பவர் அறிய விரும்புவது ஒன்றைத்தான்: பதினேழு வயதில் எடுத்த இந்த முடிவு, இருபத்தைந்து வயதிலும் இவரிடம் நிலைத்திருக்குமா? அவர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியின் வெவ்வேறு வடிவங்களே. இதை மனத்தில் இருத்திக்கொண்டு தயாராகிறவருக்கும், இணையத்தில் கிடைக்கும் நூறு கேள்விகளுக்கு விடை எழுதி மனப்பாடம் செய்கிறவருக்கும் உள்ள வேறுபாடு, மாதிரி நேர்காணல் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆகவே விடைகளைத் தயாரிக்க வேண்டாம், நிகழ்ச்சிகளைத் தயாரியுங்கள். ஒரு குறிப்பேட்டில் உங்கள் வாழ்வில் நடந்த எட்டு அல்லது பத்து நிகழ்ச்சிகளை எழுதுங்கள். முதியோர் இல்லத்தில் தன்னார்வலராகப் பணியாற்றியபோது ஒருவர் உணவை மறுத்த நாள், மருத்துவருடன் உடனிருந்து கவனித்தபோது அவர் ஒரு கெட்ட செய்தியைச் சொன்ன விதம், ஆய்வகத்தில் நீங்கள் செய்த தவறு, நண்பருடன் ஏற்பட்ட மனவேறுபாடு என்று அவை உண்மையில் நடந்தவையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று செய்திகளைக் குறியுங்கள்: நான் என்ன பார்த்தேன், நான் என்ன செய்தேன், அதன் பிறகு என் நடத்தையில் என்ன மாறியது. மூன்றாவதை எழுதத்தான் பலரும் திணறுகிறார்கள்; நேர்காணல் செய்பவர் காத்திருப்பதும் அதற்காகவே.

‘ஏன் மருத்துவம்?’ என்ற கேள்விக்கு, ‘மக்களுக்கு உதவ விரும்புகிறேன்’ என்று சொன்னால், ‘செவிலியரும் உதவுகிறார், சமூகப் பணியாளரும் உதவுகிறார், நீங்கள் ஏன் மருத்துவராக வேண்டும்?’ என்ற அடுத்த கேள்வி உடனே வரும். நோயறிதலின் பொறுப்பை ஏற்பது, முழுமையான தகவல் இல்லாத நிலையிலும் முடிவெடுக்க வேண்டியிருப்பது, அறிவியலையும் மனிதரையும் ஒரே நேரத்தில் கையாள்வது என மருத்துவரின் பணிக்கே உரியவற்றை நீங்கள் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்லுங்கள். செவிலியரைத் தாழ்த்தும் தொனி ஒரு சொல்லில்கூட வந்துவிடக் கூடாது.

நம் வீட்டுப் பிள்ளைகள் தனியாக ஆயத்தப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இது உங்கள் விருப்பமா, பெற்றோரின் விருப்பமா?’ இதைக் கேட்டதும் பெற்றோரை முற்றிலும் மறுத்துப் பேசும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பொய்யாகவே ஒலிக்கும். அம்மாவும் அப்பாவும் இதை விரும்பினார்கள் என்பதை ஒப்புக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. அவர்கள் யாரும் கேட்காத நிலையிலும் நீங்களாகவே செய்த ஒன்றை அதன் பிறகு சொல்லுங்கள். கட்டாயப் பணி நேரம் முடிந்த பிறகும் அந்த முதியோர் இல்லத்துக்கு ஏன் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பது, எந்தச் சொற்பொழிவையும்விட வலுவான சான்று.

அடுத்தது, ‘ஏன் இந்தத் திட்டம்?’ இதற்கான விடை அந்தத் திட்டம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை அறிவதில் இருக்கிறது. நியூ மெக்சிகோவின் திட்டம், மருத்துவர் பற்றாக்குறை உள்ள தன் மாநிலச் சிற்றூர்களுக்குத் திரும்பிச் சென்று பணியாற்றக் கூடியவர்களைத் தேடுகிறது. நியூயார்க் மாநகரப் பல்கலைக்கழகத்தின் திட்டம் 1973-இல் தொடங்கியபோதே, மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் அடிப்படை மருத்துவம் செய்வோரை உருவாக்குவதை நோக்கமாகக் கொண்டது. சியெனா பல்கலைக்கழகமும் ஆல்பனி மருத்துவக் கல்லூரியும் இணைந்து நடத்தும் திட்டத்தில் இலக்கியம், மெய்யியல் போன்ற மானுடப் பண்பாட்டுத் துறைகளுக்கும் சமூகத் தொண்டுக்கும் தனி இடம் உண்டு. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில்தான் ஜார்ஜ் எங்கல் என்ற மருத்துவர், நோயை உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றின் சேர்க்கையாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை 1977-இல் முன்வைத்தார். அங்கே கற்பிக்கப்படும் மருத்துவத்தில் அதன் தாக்கம் இன்றும் தொடர்கிறது. ‘உங்கள் கல்லூரி புகழ்பெற்றது, எம்கேட் எழுத வேண்டியதில்லை’ என்ற விடை இவற்றில் எதற்கும் பொருந்தாது. சில திட்டங்கள் தரும் எம்கேட் விலக்கை ஒரு காரணமாகச் சொல்லவே வேண்டாம். அந்தச் சுமை இல்லாததால் கிடைக்கும் நேரத்தில் என்ன படிப்பீர்கள் என்று சொல்ல முடிந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

நேர்காணலின் வடிவம் ஒவ்வொரு திட்டத்திலும் வேறுபடும். ஒருவரோடு ஒருவர் அமர்ந்து அரை மணி நேரம் பேசுவது பழைய முறை. இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவின் முன் அமர்வதும் உண்டு. எம்.எம்.ஐ. எனப்படும் பல்நிலைக் குறுநேர்காணல், கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2004-இல் வெளியான ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு பரவியது. ஒரே ஒருவரின் விருப்பு வெறுப்பு ஒரு மாணவரின் வாய்ப்பைத் தீர்மானித்துவிடக் கூடாது என்பதே அதன் அடிப்படை. ஆகவே மாணவர் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சென்றுகொண்டே இருப்பார். கதவின் வெளியே ஒட்டப்பட்டுள்ள சூழ்நிலையைப் படிக்க ஏறத்தாழ இரண்டு நிமிடம், உள்ளே பேச ஐந்து முதல் எட்டு நிமிடம் என்பது பொதுவான அளவு. இந்த அமைப்பில் உங்களுக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது: மூன்றாம் அறையில் தடுமாறியது நான்காம் அறையில் இருப்பவருக்குத் தெரியாது. கதவை மூடும்போதே அந்த அறையை மறந்துவிடப் பழகுங்கள்.

ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஆங்கிலம் அறியாத ஒரு மூதாட்டிக்குப் புற்றுநோய் உறுதியாகியிருக்கிறது. அவருடைய மகன், ‘அம்மாவிடம் சொல்லாதீர்கள், தாங்க மாட்டார்’ என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்கிறார். நம் குடும்பங்களில் இது புதிதல்ல. அன்பினால்தான் அந்த மகன் அப்படிக் கேட்கிறார் என்பதை நாம் உடனே புரிந்துகொள்வோம். அந்தப் புரிதலை முதலில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதன் பிறகு, நோய் அந்த மூதாட்டியுடையது, அவருடைய உடலைப் பற்றிய முடிவில் முதல் உரிமை அவருக்கே என்பதைச் சொல்லுங்கள். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது. ‘உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? எல்லாவற்றையும் உங்களிடமே சொல்லட்டுமா, மகனிடம் சொல்லட்டுமா?’ என்று அவரையே கேட்கலாம். மகனிடம் சொல்லுங்கள் என்று அவரே கூறினால், அதுவும் அவர் எடுத்த முடிவுதான். இந்த உரையாடலை மகன் மொழிபெயர்க்கக் கூடாது, பயிற்சி பெற்ற மருத்துவ மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் சேர்த்தால், சிக்கலின் மையத்தை நீங்கள் கண்டுவிட்டீர்கள். ஊரிலிருந்து வந்த பாட்டிக்காக மருத்துவமனையில் மொழிபெயர்த்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அவசர நிலைகளைத் தவிர, வயது வராத பிள்ளைகளை அப்படிப் பயன்படுத்துவதை அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் ஏன் தடுக்கின்றன என்பதை அந்த அனுபவத்திலிருந்தே உங்களால் விளக்க முடியும்.

எல்லா அறநெறிச் சூழ்நிலைகளிலும் இதே ஒழுங்கு உதவும். யார் யாருக்கு இதில் பாதிப்பு, எனக்கு இன்னும் தெரியாதது என்ன, யாரிடம் முதலில் பேசுவேன், என்ன முடிவெடுப்பேன் என்ற வரிசையில் சிந்தித்து, இறுதியில் ஒரு நிலைப்பாட்டை எடுங்கள். இரு பக்கங்களையும் சொல்லிவிட்டு நழுவுவது பலவீனமாகவே தோன்றும்.

சுகாதாரக் கொள்கையில் ஆழமான புலமையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. முதியோருக்கான மெடிகேரும் வருவாய் குறைந்தோருக்கான மெடிகெய்டும் 1965-இல் தோன்றியவை என்பதையும், பணம் இல்லாதவரானாலும் அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதையும், 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் அரசு ஆய்வு ஒன்றுக்காகக் கறுப்பின ஆண்களுக்குச் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சிகிச்சை மறுக்கப்பட்டதன் வடு இன்றும் மருத்துவத்தின் மீதான நம்பிக்கையின்மையாகத் தொடர்வதையும் அறிந்திருந்தால் போதும்.

பயிற்சியைப் பெற்றோரோடு மட்டும் செய்யாதீர்கள். உங்கள் கதை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், நீங்கள் விட்டுவிட்ட பகுதிகளை அவர்கள் மனமே நிரப்பிக்கொள்ளும். உங்களை அதிகம் அறியாத ஒரு செவிலியர், ஆசிரியர், அல்லது தமிழ்ச் சங்கத்தில் பார்த்துப் பழகிய ஒரு மாமாவையோ அத்தையையோ கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கைபேசியில் பதிவு செய்து, ஒரு நாள் கழித்துக் கேளுங்கள். ஒரு விடை இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் குறையுங்கள். இரண்டு முறை சொன்ன விடை சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால், அது மனப்பாடமாகிவிட்டது என்று பொருள், வேறு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குங்கள். விண்ணப்பக் கட்டுரைகளையும் முந்தைய இரவு மீண்டும் படித்துவிடுங்கள். நீங்கள் எழுதிய ஆய்வுப் பணியின் ஒரு வரியைச் சுட்டி விளக்கம் கேட்கும்போது விழிப்பதுபோல் சேதம் தருவது வேறில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. மருத்துவக் கல்லூரி இடத்தைத் தக்கவைக்கத் தேவையான ஜி.பி.ஏ. (கல்லூரி மதிப்பெண் சராசரி) எவ்வளவு, எம்கேட் எழுத வேண்டுமா, எழுதினால் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டா, இடையில் வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் இந்த இடம் போய்விடுமா ஆகியவற்றைத் திட்டத்தின் இணையதளத்தில் முதலில் தேடுங்கள். அங்கே தெளிவாக உள்ளதை நேரில் கேட்க வேண்டாம். இப்போது அங்கே படிக்கும் மாணவர்களிடம், திட்டத்தை விட்டு விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில் உங்கள் முடிவுக்கு மிகவும் பயன்படும்.

அன்றைய நாளில், வரவேற்பு மேசையில் இருப்பவரிடமும் மதிய உணவின்போது உடன் அமரும் மாணவரிடமும் நேர்காணல் செய்பவரிடம் காட்டும் அதே மரியாதையைக் காட்டுங்கள். உடன் வரும் பெற்றோர் பிள்ளைக்காகப் பேசாமல் இருப்பது பெரிய உதவி. அன்று மாலையே, கேட்கப்பட்ட கேள்விகளையும் பேசியவர்களின் பெயர்களையும் எழுதி வைத்து, மறுநாளுக்குள் சுருக்கமான நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள். முடிவுகள் பெரும்பாலும் ஏப்ரல் தொடக்கத்துக்குள் வந்துவிடும். மே 1 வரை பதில் சொல்ல அவகாசம் இருப்பதால், இடம் கிடைத்த திட்டத்தின் நிபந்தனைகளை எழுத்து வடிவில் பெற்று, வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை வரிவரியாகப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.