ஆக்டேனும் டைமிங்கும்: பெட்ரோல் வண்டி டியூனிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்டேன் கூடினால் பவர் கூடும் என்று மதுரையில் டியூனிங் பேசுகிற பாதிப் பேர் நம்புகிறார்கள். பெட்ரோல் அழுத்தத்திலும் சூட்டிலும் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத் தவிர அந்த எண் வேறெதையும் சொல்வதில்லை. 91 ஆக்டேனுக்கு செட் செய்த பழைய எஞ்சினில் 100 ஊற்றினால் லாபம் பங்க்காரருக்குத்தான். நாக்கிங்கை, அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டுவதை, உணரும் நாக் சென்சார் உள்ள டர்போ வண்டியில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். நாக்கிங்குக்காக ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) குறைத்து வைத்திருந்த டைமிங், அதாவது பொறி விடும் நேரம், அங்கே திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான்.

அடுத்த தவறு, ‘இன்னும் ரெண்டு டிகிரி’ ஆசை. கலவை எரிய நேரம் பிடிக்கும் என்பதால்தான் பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பிளக் பொறி விடுகிறது. இந்த முந்தலுக்குத்தான் அட்வான்ஸ் என்று பெயர், கிராங்க் சுற்றின் டிகிரியில் அளப்போம். 1000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்று சுற்ற 60 மில்லி செகண்ட் ஆகும். 6000-இல் வெறும் 10. வேகம் ஏற ஏற அட்வான்ஸும் ஏற வேண்டியது அதனால்தான். உச்ச அழுத்தம் பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரியில் விழ வேண்டும். அதற்கு மேல் அட்வான்ஸ் கொடுத்தால், மேலே ஏறிவரும் பிஸ்டனையே அழுத்தம் எதிர்த்துத் தள்ளும். பவர் இறங்கும், நாக்கிங் ஏறும். பயந்துபோய் அளவுக்கு மீறி ரிடார்ட் செய்வதும் (பொறியைத் தாமதமாக்குவதும்) தப்பு: சூடு எக்ஸாஸ்டுக்குப் போய் டர்போவை வதைக்கும்.

இணையத்தில் வாங்கி ஈசியூவில் ஏற்றும் அமெரிக்க மேப் ஃபைல்தான் (டைமிங், எரிபொருள் அளவுகளின் பட்டியல்) நைசாகக் கவிழ்க்கும் விஷயம். ‘93 ஆக்டேனுக்கு’ என்று போட்டிருக்கும். நம்மிடம் 95 இருக்கிறதே, தாராளம் என்று தோன்றும். ஆனால் அங்கே பங்கில் எழுதுவது ரான் (RON), மான் (MON) என்ற இரண்டு ஆக்டேன் அளவுகளின் சராசரி. இங்கே எழுதுவது ரான் மட்டும். அவர்களுடைய 93 நம் கணக்கில் 97, 98 வரும். அந்த ஃபைலை நம் 95-இல் ஓட்டினால் தெரிந்தே நாக்கிங்கை விலைக்கு வாங்குகிறீர்கள்.

அப்புறம், எத்தனால். அதன் ஆக்டேன் 100-க்கும் மேல் என்பதால் இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) அட்வான்ஸ் தாராளமாகக் கூட்டலாம் என்கிறார்கள். சரிதான், ஆனால் எரிபொருளையும் கூட்ட வேண்டும். சுத்த பெட்ரோலுக்கு எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இ20-க்கு 13.5 பக்கம்தான். கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளை) தொடாமல் டைமிங்கை மட்டும் திருகினால் கலவை லீனாகி, அதாவது எரிபொருள் பற்றாமல், எஞ்சின் சூடேறும்.

டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் பாகம்) உள்ள பழைய வண்டிகளில், அதற்குப் போகும் வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைக்காமல், டைமிங்கை அளக்க டைமிங் லைட் பிடிப்பது வழக்கமான கோளாறு (அந்த மாடலின் மேனுவல் வேறு மாதிரி சொன்னால் அதைக் கேளுங்கள்). கிராங்க் புல்லியின் ரப்பர் நழுவியிருந்தால் அதிலுள்ள டைமிங் குறியே பொய் சொல்லும். முதல் சிலிண்டர் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து குறியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கில் இத்தனையிலும் பெரிய தவறு, டெஸ்ட் செய்யும் இடமும் நேரமும்தான். விடியற்காலை ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்து ‘ஓகே’ சொல்வது, அதைவிட மோசமாகக் கொடைக்கானலில் வைத்து டியூன் செய்வது. அங்கே 2,100 மீட்டர் உயரம். காற்று குளிர்ச்சி, அடர்த்தியும் குறைவு. சாதாரண எஞ்சினுக்கு அங்கே நாக்கிங் வருவதே கஷ்டம். அதே வண்டி வத்தலக்குண்டு இறங்கி மே மாத மதியம் 40 டிகிரியில் மதுரைக்குள் வரும்போது கதை வேறு. ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றி, ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் பெரிய கியரில் 2000 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பாருங்கள். தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கின மாதிரி சத்தம் வந்தால் உடனே காலை எடுத்து, கியரைக் குறையுங்கள். சத்தம் கேட்கவில்லை என்பதற்காக நாக்கிங் இல்லை என்று அர்த்தமில்லை. பெரிய எக்ஸாஸ்ட் போட்ட வண்டியில் காதுக்கு ஒன்றும் எட்டாது. அந்த ஏற்றத்தில் எடுத்த டேட்டா லாகில் (ஈசியூவின் பதிவு) டைமிங்கை ஈசியூ எத்தனை டிகிரி பின்வாங்கியிருக்கிறது என்று டியூனரிடம் கேளுங்கள். பிளக்கையும் கழற்றிப் பாருங்கள்: வெள்ளைப் பீங்கானில் பளபளவென்று நுண்ணிய அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால், பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது.