கேம்பர் வானுக்கு எவ்வளவு காசு எடுத்து வைக்க வேண்டும்?

ஏப்ரலில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், கராஜுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "தம்பி, கேம்பர் வான் ஒண்டு எடுப்பமெண்டு யோசிக்கிறம், என்ன விலை போகும்?" லண்டன் ஹரோவில் வாகனம் திருத்துவது என் தொழில். கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற இந்தக் கேம்பர் வான் பிரிட்டனில் 6,000 பவுணுக்கும் கிடைக்கும், 90,000 பவுணுக்கும் கிடைக்கும். அதனால் விலை சொல்வதற்கு முன் நான் மூன்று கேள்வி திருப்பிக் கேட்பேன். எத்தனை பேர் போகப்போகிறீர்கள்? எங்கே நிறுத்துவீர்கள்? கார் லைசன்ஸ் எந்த ஆண்டில் எடுத்தது?

ஆட்கணக்கில்தான் எங்கள் சனம் தடுமாறுகிறது. விளம்பரத்தில் "நான்கு பேர் படுக்கலாம்" என்று இருக்கும். படுக்கலாம், சரி. பெல்ட் போட்டு இருந்து போக எத்தனை இடம் என்று எண்ணிப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் அளவு வானில் பெரும்பாலும் முன்னால் இரண்டு, பின்னால் கட்டிலாக விரிகிற இருக்கையில் இரண்டு. அகலமான கட்டில் என்றால் மூன்று. பக்கவாட்டு வாங்கில் பிள்ளைகளை இருத்திக்கொண்டு மோட்டார்வேயில் போகிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அம்மாவையும் கூட்டிப் போவதாக இருந்தால் கணக்கே மாறும். கூரைக்குள் இருக்கிற மேல் கட்டிலுக்கு அவ ஏறமாட்டா, இரவில் எழும்பிப் போக உள்ளேயே கழிப்பறையும் வேண்டும். சின்ன வான் அதற்குச் சரிவராது. ஃபியட் டுக்காட்டோ போன்ற பெரிய வானில் கட்டியதுதான் பார்க்க வேண்டும், அங்கேயே பத்துப் பதினைந்தாயிரம் ஏறிவிடும்.

நிறுத்துமிடமும் காசுதான். டிரான்ஸ்போர்ட்டர் தூக்கும் கூரையை மடித்த நிலையில் சுமார் 2 மீற்றர் உயரம், வீட்டு வாசலில் காரைப் போல நிற்கும். டுக்காட்டோ 2.5 மீற்றருக்கு மேல், நீளம் 6 மீற்றர் அளவு. சில வீடுகளின் உறுதிப் பத்திரத்திலேயே வாசலில் கேரவன் நிறுத்தக்கூடாது என்று எழுதியிருக்கும், ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். வெளியே மாதம் 50 பவுணுக்கு இடம் பிடித்தாலும் ஆண்டுக்கு 600.

லைசன்ஸ் விஷயம் சுருக்கம். 1997 ஜனவரி 1க்கு முன் கார் டெஸ்ட் பாஸ் பண்ணியவர்கள் 7,500 கிலோ வரை ஓட்டலாம் (70 வயதில் அதைத் தொடர மருத்துவச் சான்று வேண்டும்). அதற்குப் பின் என்றால் டீசல், பெட்ரோல் வண்டிக்கு 3,500 கிலோதான் எல்லை. அது வெறும் வண்டியின் எடை இல்லை, ஆள், தண்ணீர், அரிசி மூட்டை எல்லாம் சேர்த்து. 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ. பெரிய மோட்டார்ஹோம்களில் இந்த எல்லையை எட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை.

இனி விலை. எல்லாம் சுமார் கணக்கு, நான் கண்ணால் பார்க்கும் விளம்பரங்களை வைத்துச் சொல்கிறேன்.

புத்தம் புதிது என்றால் ஃபோக்ஸ்வாகனே கேம்பராகக் கட்டி விற்கிற கலிஃபோர்னியா 60,000 பவுணுக்கு மேல்தான் தொடங்கும், மேலதிகமாக ஒவ்வொன்றாகச் சேர்க்க 80,000 தாண்டும். டுக்காட்டோவில் கட்டிய புதிய வான்களும் கிட்டத்தட்ட அதே வட்டம். வருடத்தில் ஐந்தாறு வார இறுதிக்குப் போகிற குடும்பம் இதற்குக் கடன் எடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். கோடையில் ஒரு இரவுக்கு 100 முதல் 150 பவுண் கொடுத்து வாடகைக்கு எடுக்கலாம். வாங்க முடிவெடுத்தவர்களும் முதலில் மூன்று இரவு வாடகைக்கு எடுத்து, மழையில், வேல்ஸ் பக்கம் போய்ப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் மனைவியும் பிள்ளைகளும் சம்மதித்தால் பேசுவோம்.

பாவித்ததில் 10,000க்குக் கீழே ஜப்பானிலிருந்து இறக்கிய மாஸ்டா பொங்கோவும், 2003 வரை வந்த, டி4 என்கிற நான்காம் தலைமுறை டிரான்ஸ்போர்ட்டரும்தான் அதிகம். பொங்கோ ஓட்டோமற்றிக், ஓட்ட இலகு. ஆனால் பின் சில்லுக்கு மேலே துரு பிடிக்கும், டீசல் இஞ்சினில் தண்ணீர் குறைந்தால் சூடேறி சிலிண்டர் ஹெட் போய்விடும். கையில் கொஞ்சம் வேலை தெரிந்தவருக்கு நல்லது. 12,000 முதல் 22,000 வரை டி4க்கு அடுத்து வந்த டி5, ரெனோ டிராஃபிக், வொக்ஸ்ஹால் விவாரோ. இந்த வட்டத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பழைய டெலிவரி வானுக்குள் புதுச் சமையலறை கட்டி விற்பது இந்த விலையில்தான். 25,000க்கு மேலே 2015க்குப் பின் வந்த டி6, 35,000க்கு மேலே ஓரளவு புதிய டுக்காட்டோ. கலிஃபோர்னியா மட்டும் தனி ரகம், ஏழெட்டு வருடம் ஓடியதையும் விலை குறைக்கமாட்டார்கள்.

தாங்களே கட்டப் போகிறோம் என்று வருகிற இளம் பொடியள் பலர். கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு நல்ல வான் 14,000 என்று போட்டிருக்கும், பக்கத்தில் சின்ன எழுத்தில் "வற் தவிர" என்று இருக்கும். அந்த 20 வீத விற்பனை வரியைச் சேர்த்தால் 16,800. தூக்கும் கூரை பொருத்த 4,000. பரிசோதித்துச் சான்று பெற்ற பெல்ட் இருக்கையும் கட்டிலும் 2,000. கண்ணாடி யன்னல் இரண்டு 500. சூடேற்றி பொருத்துகூலியோடு 1,000. பற்றறி, வயரிங் 1,500. பலகை, அடுப்பு, ஃபிரிட்ஜ் 2,000. மொத்தம் 27,800. இதே காசுக்கு யாரோ கட்டி, இரண்டு கோடை அனுபவித்து விட்டுத் தள்ளிய வான் கிடைக்கும். கட்டுவதில் ஆசை இருந்தால் கட்டுங்கள், மிச்சம் பிடிக்க என்றால் வேண்டாம். இருக்கையில் மட்டும் கை வைக்காதீர்கள். விபத்தில் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கப் போவது அந்த நான்கு போல்ட்தான்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: வானுக்குக் காசைக் கொடுங்கள், மரவேலைக்குக் கொடுக்காதீர்கள். போன இலையுதிர் காலத்தில் ஒரு அண்ணையும் அக்காவும் எசெக்ஸ் பக்கம் ஒரு வான் பார்க்க என்னையும் கூட்டிப் போனார்கள். கேட்ட விலை 24,000. உள்ளே பளபளவென்று பலகை, சின்னச் சின்ன விளக்குகள். அக்கா லாச்சியை இழுத்து, "இஞ்சை பாருங்கோவன், கரண்டி வைக்கவும் தனி இடம்" என்றா. நான் வெளியே கார்ட்போர்ட் ஒன்றைப் போட்டு வானுக்குக் கீழே படுத்துவிட்டேன்.

கீழே முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார் அடித்திருந்தது. பத்து வருட வானுக்கு நேற்று அடித்த தார் என்றால் அடியில் ஏதோ இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பைத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல தகடு கணீரென்று கேட்கும். பயணி பக்கம் பின் சில்லுக்கு முன்னால் வந்ததும் சத்தம் செத்துவிட்டது. ரயர்களில் பட்டை நிறைய இருந்தது, ஆனால் பக்கத்தில் பொறித்த கடைசி நான்கு இலக்கம் 1516. அதாவது 2016இன் 15ஆவது வாரத்தில் செய்தது. கேம்பர் வான் ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம், ரயர் தேய முன்பே வயதாகிவிடும். பாரம் தாங்குகிற ரயர் நான்கும் மாற்ற 500 பவுண்.

பிறகு உள்ளே. ஈரம் பார்க்கும் கருவி ஒன்று 20, 30 பவுணுக்கு வாங்கலாம், ஊசியைப் பலகையில் வைத்தால் வீதம் காட்டும். 15க்குக் கீழே நல்லது, 20 தாண்டினால் கவனம். முன் பக்கம் 12, 13 என்று வந்தது, பின் யன்னல் மூலையில் 28. கூரையைத் தூக்கச் சொல்லி, தலையை உள்ளே விட்டு மணந்து பார்த்தேன். துணி மடிகிற இடத்தில் மிளகு தூவியது போல் கறுப்புப் பூஞ்சணம். காஸ் குழாயில் ஆண்டு அச்சடித்திருக்கும், அதுவும் பழையது. பற்றறியில் மீற்றரை வைத்து ஃபிரிட்ஜைப் போடச் சொன்னேன், 12.6 வோல்ட்டில் இருந்து கண் முன்னே 11க்கு இறங்கியது.

வெல்டிங், ரயர், கூரைத் துணி, பற்றறி எல்லாம் சேர்த்து 3,000க்குக் குறையாது, ஈரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது பலகையைக் கழற்றினால்தான் தெரியும். அண்ணை 20,000 கேட்டார். விற்பவர் இறங்கவில்லை, நாங்கள் கிளம்பிவிட்டோம். அக்காவுக்கு அந்த லாச்சி விட்டுப்போனதில் கொஞ்சம் மனவருத்தம்தான். பிறகு வேறோர் இடத்தில் சாதாரண வெள்ளைப் பலகை போட்ட, அடிப்பாகம் சுத்தமான வானை 21,500க்கு எடுத்தார்கள்.

இஞ்சினில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் போனதும் பொனெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், வரமுன் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், குளிர் இஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை. அடுத்தது, இஞ்சினுக்குள் ஓடுகிற டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது. டி5 1.9 டீசலில் தண்ணீர் பம்போடு சேர்த்து மாற்ற 500, 600 பவுண் போகும். 2016க்குப் பின் வந்த ஃபோர்ட் டிரான்சிட் 2.0 டீசலில் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது, வேலை பெரிது, 1,200க்கு மேல் எடுத்து வையுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து விலை பேச வேண்டும்.

பத்திரங்களுக்கு அதிகம் செலவில்லை. அரசாங்க இணையத்தளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால் பழைய எம்ஓடி (ஆண்டு வாகனச் சோதனை) விபரம் முழுவதும் இலவசமாக வரும். மைல் கணக்கு எந்த ஆண்டிலாவது பின்னுக்குப் போகிறதா, துரு பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் மேல் கடன் இருக்கிறதா என்று பார்க்க 10, 20 பவுண் கட்டலாம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். லொக்புக்கில், அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தில், D.5 என்ற வரியில் வாகன வகை இருக்கும். 2019இலிருந்து வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ, உயரக் கூரை போன்ற வெளித்தோற்றத்தையும் பார்த்துத்தான் "மோட்டார் கேரவன்" என்று மாற்றுகிறது, உயர்த்தி இறக்கும் கூரை அவர்கள் கணக்கில் உயரக் கூரை ஆகாது. அதனால் வீட்டில் கட்டிய பல வான்கள் "யன்னல் வைத்த வான்" என்றே பதிவாகி இருக்கும். அது குற்றமில்லை. ஆனால் உள்ளே அடுப்பும் கட்டிலும் இருக்கிறது என்று இன்சூரன்ஸுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

யூலெஸ், அதாவது புகை கூடிய வாகனங்களுக்கு லண்டனில் அறவிடுகிற நாள் கட்டணம், என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் அது உண்டு. டீசல் யூரோ 6 புகைத் தரம் இல்லையென்றால், ஓடுகிற நாளுக்கு 12.50 பவுண். ஆனால் கேம்பர் வானுக்குக் கணக்கு வேறு. வெள்ளி போய் ஞாயிறு வந்தால் இரண்டு நாள், 25 பவுண். வருடம் பத்துப் பயணம் என்றால் 250. யூரோ 5 வான் 4,000 பவுண் மலிவாகக் கிடைத்தால் அந்த வித்தியாசம் தீர 16 வருடம் ஆகும். வேலைக்கும் அதையே ஓட்டுகிறவர்களுக்கு இது பொருந்தாது, திருப்பி விற்கும்போது விலையும் அடிபடும். ஸ்கொட்லாந்து போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். கிளாஸ்கோ, எடின்பரோ நகர மையங்களில் யூரோ 6 இல்லாத டீசல் வானுக்குக் காசு கட்டி உள்ளே போக வழியில்லை, போனால் அபராதம்தான்.

ஆண்டுச் செலவு: றோட் டாக்ஸ் 350 அளவு, எம்ஓடி அதிகபட்சம் 54.85, இன்சூரன்ஸ் 400 முதல் 800, காஸ், மின்சாரம், ஈரம் பார்க்கும் சோதனை 250, சேர்விஸ் 350. டீசல் ஊற்ற முன்னமே 1,400 முதல் 1,800 பவுண் போய்விடும்.

சோற்றுப் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கிய பிறகு எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். 700 வாட் ரைஸ் குக்கரைப் பற்றறியில் ஓட்டினால் 12 வோல்ட்டில் 60 அம்பியருக்கு மேல் இழுக்கும். அரை மணி நேரத்தில் சாதாரண ஈயப் பற்றறியில் பாவிக்கக்கூடியதில் பெரும் பங்கு போய்விடும். கேம்ப் சைட்டில் கரண்ட் கொழுவி இருந்தால் பிரச்சினை இல்லை. பல இடங்களில் 10 அம்பியர்தான், அதாவது 2,300 வாட். வீட்டுக் கேத்தில் 3,000 வாட், போட்டால் எல்லாம் அணைந்துவிடலாம். காஸ் அடுப்பில் பானையில் வடித்துச் சாப்பிடுவதே சுகம். மீன் பொரிப்பதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள், துணிக்கூரையில் ஏறிய மணம் லேசில் போகாது.

வாங்க நல்ல காலம் ஒக்டோபர், நவம்பர். குளிரில் வாசலில் சும்மா நிற்கிற வானுக்கு விலை பேச இடம் இருக்கும், மார்ச் வந்தால் அதே வானுக்கு ஆயிரம் இரண்டாயிரம் கூட்டுவார்கள். மழை பெய்கிற நாளில் பார்க்கப் போனால் இன்னும் நல்லது, ஒழுக்கு தானே தெரியும். பேசிய விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் வருடத் திருத்த வேலைக்கு என்று கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் சேர்த்து விற்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். எடுக்கிற அன்று அவர் கட்டிய றோட் டாக்ஸ் உங்களுக்கு வராது. லொக்புக்கில் கிழித்துத் தருகிற துண்டில் உள்ள 12 இலக்கத்தைப் போட்டு, இன்சூரன்ஸையும் தொடங்கி, போனிலேயே கட்டிவிட்டுத்தான் திறப்பைத் திருக வேண்டும்.