மாநிலம் மாறப் போகிறீர்களா? எச்-4 குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தால் நாம் முதலில் பார்ப்பது சம்பளம், அப்புறம் வாடகை, மாநில வருமான வரி உண்டா இல்லையா என்பது. நம் எச்-1பி வேலை விசாவும், அதைச் சார்ந்து மனைவி பிள்ளைகளுக்குத் தரும் எச்-4 விசாவும் எங்கே போனாலும் அதே விசாதானே என்று அதை விட்டுவிடுகிறோம். ஆனால் மனைவி கார் ஓட்ட முடியுமா, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் எவ்வளவு, வேலை போனால் குழந்தைக்கு மருத்துவக் காப்பீடு உண்டா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேலைக்குச் சரி சொல்லும் முன்பே இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் லைசென்ஸ், ஏனென்றால் அதிகம் அடிபடுவது இதில்தான். நம் லைசென்ஸ் பெரும்பாலும், எது வரை இங்கே தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு முடியும் தேதியோடு முடியும். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்து ரசீது கையில் இருந்தால் எச்-1பி வைத்திருப்பவர் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம், ஆனால் அதே ரசீதைக் காட்டினால் லைசென்ஸ் கிடைக்குமா என்பது மாநிலத்தின் கையில். முன்பு நாங்கள் இருந்த ஊரில் என் மனைவி ரசீது, பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ் என்று ஒரு கோப்பு நிறைய எடுத்துக்கொண்டு போனாள். கவுன்டரில் இருந்தவர் முதல் தாளை மட்டும் பார்த்துவிட்டு அப்ரூவல் வந்ததும் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். பதினோரு வாரம். பஸ் கிடையாது, நடைபாதையும் கிடையாது, கைக்குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துக்கொண்டு சாலை ஓரப் புல்லில் தள்ளிக்கொண்டே கடைக்குப் போய் வந்தாள். அந்த ஸ்ட்ரோலர் சக்கரத்தில் சிக்கியிருந்த புல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் போகப்போகிற மாநிலத்தின் டிஎம்வி (லைசென்ஸ் தரும் அலுவலகம்) தளத்தில் ரசீதை ஏற்கிறார்களா என்று தேடுங்கள், தெளிவாக இல்லையென்றால் போன் செய்து கேளுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத எச்-4 காரர்களிடம், எண் பெறத் தகுதியில்லை என்று சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் தரும் கடிதத்தைச் சில மாநிலங்கள் கேட்கும், அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வீட்டில் ஒவ்வொருவருடைய ஐ-94 தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள்; பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகிறதென்றால் அந்தத் தேதியோடு ஐ-94ஐ வெட்டிவிடுவார்கள், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. நீட்டிப்புக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கம்பெனியை விடாமல் கேளுங்கள். நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் குடியேற்ற நிலையைப் பார்க்காமல் தரும் சாதாரண லைசென்ஸும் உண்டு. 2025 மே 7 முதல் விமான நிலையத்தில் ரியல் ஐடி (மத்திய அரசின் விதிகளுக்கு ஏற்ற அடையாள அட்டை) கேட்பதால் அது அங்கே உதவாது, பாஸ்போர்ட்டைக் காட்டிக்கொள்ளலாம்.

பள்ளியைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி எந்தக் குழந்தையையும் மறுக்க முடியாது என்று 1982லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாடகை ஒப்பந்தமும் தடுப்பூசிப் பதிவும் தயாராக இருக்கட்டும், எந்தெந்த ஊசி கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி என்ன என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஆங்கிலம் கற்பிக்கும் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து உண்மையை எழுதுங்கள். ஒரு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், தேறிவிட்டால் அவ்வளவுதான். தேறாவிட்டாலும் அந்தத் தனி வகுப்பு வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு. இரண்டு மொழி நன்றாகத் தெரிந்த மாணவர்களுக்குத் தரும், 2011ல் கலிபோர்னியா தொடங்கிய இருமொழி முத்திரையையும் விசாரியுங்கள், தமிழில் தேர்வு எழுதி அதை வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கல்லூரி வயதில் பிள்ளை இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். உள்மாநிலக் கட்டணத்துக்கு (அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான குறைந்த கட்டணம்) டெக்சாஸ், கலிபோர்னியா இரண்டிலும் குறைந்தது ஒரு வருடம் அங்கே குடியிருக்க வேண்டும், ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு நடுவில் மாறினால் கையைச் சுடும். எச்-4 பிள்ளைகளை உள்மாநிலத்தவராக ஏற்கிறார்களா, எச்-4 முடியும் 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் அந்தச் சலுகை நிலைக்குமா என்று கல்லூரியிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பழைய தகவலை நம்பாதீர்கள். குடியேற்ற ஆவணமில்லாத மாணவர்களுக்கு உள்மாநிலக் கட்டணம் தந்த டெக்சாஸின் 2001ஆம் வருடச் சட்டம், 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குப் போட்ட அன்றே நீதிமன்ற உத்தரவால் நின்றுபோனது. படிப்பின் நடுவில் இருந்த பிள்ளைகளை நினைத்தால் மனசு கனக்கிறது.

வேலை போனால் குழந்தைகளின் காப்பீடும் போகும். விசாவில் இருக்கும் குழந்தைகளை மெடிகெய்ட், சிப் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் காத்திருப்பு இல்லாமல் சேர்க்க 2009 முதல் மாநிலங்களுக்கு அனுமதி உண்டு, பல மாநிலங்கள் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. கிரீன் கார்டு வரிசையில் இருந்தால், இந்த அரசு உதவி அதைப் பாதிக்குமா என்று வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

வீடு மாறியதும் பத்து நாளுக்குள் புது முகவரியைக் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும், உங்களுக்கு மட்டுமல்ல, மனைவி குழந்தைகளுக்கும் தனித்தனியாக.