பாம்புக்குட்டி சாப்பிடவில்லையா? முதலில் கொஞ்சம் விலகி நில்லுங்கள்

புதிதாக வந்த பாம்புக்குட்டி எலிக்குஞ்சைக் கண்டு தலையைத் திருப்பிக்கொண்டால், வளர்ப்பவருக்குச் சாப்பாடு இறங்காது. அன்று இரவே இன்னொரு எலி, மறுநாள் காலையில் வேறு எலி, நடுநடுவே கையில் எடுத்து வயிற்றைத் தடவிப் பார்ப்பது. பட்டினி நீள்வதற்குப் பல நேரம் இந்தப் பதற்றமே காரணம்.

மறுத்த இரையைத் தினமும் நீட்டாதீர்கள். ஒருமுறை வேண்டாம் என்றால் ஐந்து முதல் ஏழு நாள் விடுங்கள். தண்ணீர் மாற்றவும் கழிவை எடுக்கவும் தவிர கையைத் தொட்டிக்குள் விட வேண்டாம். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலும் இப்படித்தான். கண் பால் படர்ந்ததுபோல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். உரித்து முடிக்கும்வரை பல குட்டிகள் இரையைத் தொடாது. முட்டையிலிருந்து வந்த குட்டியும் முதல் சட்டையை உரித்த பிறகுதான் பொதுவாக இரை எடுக்கும், அதற்கே ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும்.

அடுத்து சூடு. அது போதாவிட்டால் பாம்புக்குச் செரிக்காது; செரிக்காது என்றால் சாப்பிடாது. கண்ணாடிச் சுவரில் ஒட்டிய வெப்பமானியை நம்புவதுதான் இதில் நடக்கும் தவறு. அது காற்றின் சூட்டைக் காட்டும், குட்டியோ தரையில் படுத்திருக்கும். தரையில் வைத்து அளந்து பாருங்கள். பால் பைத்தானுக்கு (Ball python, பந்துபோல் சுருளும் சிறிய மலைப்பாம்பு வகை) சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்னேக்குக்கு (Corn snake, நஞ்சில்லாத அமெரிக்கப் பாம்பு வகை) 28 முதல் 30, மறுபக்கம் 22 முதல் 24. சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வெப்பப் பாய் வைக்கவே வைக்காதீர்கள், வயிறு வெந்துவிடும்.

பதுங்க ஒரே இடம் வைப்பதும் தவறு. சூடு வேண்டுமா, மறைவு வேண்டுமா என்று குட்டி திண்டாடும். இரு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். சுருண்டு படுத்தால் உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும்.

சரி, இரைக்கு வருவோம். உறைந்த எலியை மைக்ரோவேவில் வைத்தால் ஒரு பக்கம் வெந்து, ஒரு பக்கம் பனிக்கட்டியாக இருக்கும், சிலசமயம் வெடிக்கும். (அந்த நாற்றம் வீட்டை விட்டுப் போக நாளாகும்.) குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து இளக்குங்கள். அப்புறம் பையில் கட்டி வெந்நீரில் போட்டு, தொட்டால் உயிருள்ள எலியின் கதகதப்பு தெரியும்வரை, சுமார் 38 டிகிரிக்கு, சூடாக்குங்கள். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. சில்லிட்ட எலி அதற்கு எலியாகவே தெரியாது. கார்ன் ஸ்னேக்குக்கு அந்தக் குழிகள் இல்லை, அது வாசனையைத்தான் பெரிதும் நம்பும்.

இரையின் பருமன் குட்டியின் உடம்பில் தடித்த இடத்தின் அளவுக்குள் இருக்கட்டும். இருட்டியபின், விளக்கைக் குறைத்து, இடுக்கியால் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். மூக்குக்கு நேராகக் குத்தினால் பயந்து சுருண்டுவிடும். கூச்சக் குட்டி என்றால் பதுங்கிடத்தின் வாசலில் வைத்துவிட்டு நீங்கள் போய்த் தூங்குங்கள். காலையில் அப்படியே கிடந்தால் எறிந்துவிடுங்கள், மறுபடி உறைய வைக்க வேண்டாம். உயிருள்ள எலியை மட்டும் இப்படி விட்டுப் போகவே கூடாது. பசித்த எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

சாப்பிட்டுவிட்டதே என்று கொண்டாடிக் கையில் எடுத்தால் கக்கிவிடலாம். 48 மணி நேரம் தொடாதீர்கள். கக்கிவிட்டால் பத்து முதல் பதினான்கு நாள் வயிற்றுக்கு ஓய்வு, பிறகு இன்னும் சின்ன இரை. வாயைப் பிளந்து திணிப்பது வீட்டில் செய்யும் வேலையே அல்ல, தாடையும் உணவுக்குழாயும் கிழியும்.

வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், உண்மைதான். குட்டிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. வாரம் ஒருமுறை கிராம் காட்டும் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். சமையலறைத் தராசு வேண்டாம், ஊர்வனவற்றின் மேல் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். எடை பத்து சதவீதம் குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வாயில் சளி நுரைத்தாலோ, உடம்பில் கருப்பாகப் பேன்கள் ஊர்ந்தாலோ, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். எடைக் குறிப்பையும் தொட்டியின் வெப்ப அளவையும் கொண்டு போங்கள், அவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.