பப்புக்குப் பப்பு 200 கிலோமீட்டர்: நண்பனோடு ஊட்னடாட்டா பாதை

ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற உள்நாட்டுப் பகுதியான அவுட்பேக் போகலாம் என்று நண்பனோடு பேசிப் பேசியே வருடங்களைக் கடத்துகிறவர்கள் நிறைய. முதல் தடவையே சிம்ப்சன் பாலைவனம் என்றெல்லாம் கிளம்ப வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீயில் தொடங்கி மார்லாவில் முடியும் ஊட்னடாட்டா பாதை போதும், சுமார் 620 கிலோமீட்டர், மண்ணும் சரளையும்தான். மாரீயிலிருந்து வில்லியம் க்ரீக் 200 சொச்சம், அங்கிருந்து ஊட்னடாட்டா இன்னொரு 200, மார்லாவுக்கு மறுபடி 200. இந்த ஊர்களுக்கு நடுவில் டீசல் கிடையாது. அதனால் எங்கே நிறுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை.

போகிற மாதம் மே முதல் செப்டம்பருக்குள் இருக்கட்டும். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரியில் 50.7 டிகிரி அடித்திருக்கிறது, கோடையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வண்டி வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தில் மண் சாலைக்கு அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். பல வாடகை வண்டிகளுக்குக் கிடையாது. மீறிப் போய் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. முழு அளவு ஸ்டெப்னி, முடிந்தால் இரண்டு. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் கணக்கு. சரளையில் ஏறியதும் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு வேகத்தையும் குறைத்தால் பஞ்சர் குறையும். அந்தப் பாதை துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக இருக்கும், பல்லெல்லாம் ஆடும். மொபைல் சிக்னல் பெரும்பாலும் இருக்காது, அதனால் சாட்டிலைட் போனோ, ஆபத்தில் உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் அவசர பீக்கனோ ஒன்று கையில் இருக்க வேண்டும். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகவே கூடாது. வெட்டவெளியில் வண்டியைக் கண்டுபிடித்துவிடலாம், நடந்துபோன ஆளைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்கள், அங்கே அதுதான் வணக்கம்.

அப்புறம் பப், அதாவது குடிக்கவும் சாப்பிடவும் தங்கவும் இடம் தரும் ஊர் ஹோட்டல். இந்தத் தடம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு ஓடிய பழைய கான் ரயிலின் தடம். நீராவி இஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், நிலத்தடி ஊற்றுகள் இந்த வரிசையில்தான் இருந்தன, ஊர்களும் அதையொட்டியே முளைத்தன. 1980-இல் இந்தத் தடத்தில் ரயில் நின்றது, பப்புகள் நிற்கவில்லை. வில்லியம் க்ரீக்கில் ஊர் என்பதே அந்த ஹோட்டலும் அதைச் சுற்றி நாலைந்து கட்டடமும்தான். அதுதான் சாப்பாட்டுக் கடை, அதுதான் தங்குமிடம், சாலை நிலவரம் கேட்கிற இடமும் அதுதான். போகும் வழியில் கதி தாண்டா ஐர் ஏரியின் தென்பகுதியைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். கவர்ட் ஸ்பிரிங்ஸில் ஒரு வெந்நீர்த் தொட்டி மாதிரி ஊற்றுக்குளம் இருக்கிறது, புழுதியோடு பப்புக்குள் போவதற்கு முன் ஒரு முக்கு போடுங்கள்.

குடி விஷயத்தை நண்பனோடு வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் ஒப்பந்தம் எளிது: அன்றைக்கு வண்டி இனி நகராது என்ற பிறகுதான் முதல் பாட்டில். மதியம் ஒன்றே ஒன்று என்ற பேச்சே கிடையாது. ரத்தத்தில் ஆல்கஹால் 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் அந்த எண்ணைவிட சாயங்காலம் குறுக்கே பாயும் கங்காரு பெரிய ஆபத்து. பொழுது சாய்வதற்கு முன்பே போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். சமையலறையும் சீக்கிரம் மூடிவிடும், முந்தின நாளே போன் போட்டுச் சொல்லிவிடுவது நல்லது. சைவம் என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க உருளைக்கிழங்கு சிப்ஸ்தான்.

உள்ளூர்க்காரர்கள் ‘ஷவுட்’ என்பார்கள், ஆளுக்கொரு சுற்று வாங்குவது. சேர்ந்தால் உங்கள் சுற்றை வாங்காமல் எழுந்து போகக் கூடாது, அது மன்னிக்கப்படாத குற்றம். ஆறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஆறு பீர், மறுநாள் காலை ஓட்ட வேண்டியவர் அதில் இறங்காமல் தனக்குத் தானே வாங்கிக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. இன்னொன்று, தெற்கு ஆஸ்திரேலியாவில் பைன்ட் என்று கேட்டால் மற்ற மாநிலங்களில் மாதிரி 570 இல்லை, 425 மில்லிதான் வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

காலையில் டேங்கை நிரப்பிவிட்டு, வடக்கே ரோடு எப்படி என்று பாரில் ஒரு வார்த்தை கேளுங்கள். கொஞ்சம் மழை பெய்தாலே களிமண் சேறாகி சாலையை மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம். வில்லியம் க்ரீக்கிலிருந்து மேற்கே கூபர் பீடி என்ற ஊருக்கு 166 கிலோமீட்டரில் ஒரு பாதை பிரிகிறது, அது திறந்திருந்தால் அப்படிப் போய்விடலாம். அதுவும் மூடியிருந்தால் இன்னொரு ராத்திரி அங்கேயேதான், நேற்று கடைசிச் சுற்று யார் வாங்கியது என்று நண்பனோடு சண்டை போட நிறைய நேரம் இருக்கும்.