சபர் பெட்டியில் வரும் தீனி: தேதி பார்ப்பதிலிருந்து பொரிப்பது வரை

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டிப் பக்கம் சபராளி (கடல் கடந்து வேலைக்குப் போனவர்) வந்திறங்கிய வீட்டில் பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் கை போவது தீனிப் பொட்டலத்துக்குத்தான். இப்போது டவுன் கடைகளிலும் கொரிய நூடுல்ஸ், தாய்லாந்துக் கடற்பாசித் தாள், மலேசிய மைலோ எல்லாம் கிடைக்கின்றன. இதில் பாதி ருசி நமக்குப் புதிதே இல்லை. இறால், கருவாட்டு வாசம், தேங்காய்ப்பால், சப்ஜா விதை எல்லாம் நம் அடுப்படியில் இருப்பவைதான். ஆனாலும் பல பொட்டலங்கள் ஒரு வாயோடு மூலைக்குப் போய்விடுகின்றன. தேதியைத் தப்பாகப் படிப்பது, கடற்காற்றில் நமத்துப்போக விடுவது, தண்ணீர் அளவு பிசகுவது, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

முதலில் தேதி

மலேசியா, சிங்கப்பூர் சாமானில் நம்மூர் மாதிரியே நாள், மாதம், ஆண்டு. ஜப்பான், கொரியா, சீனா சாமானில் ஆண்டுதான் முதலில் வரும். 27.03.11 என்றிருந்தால் 2027 மார்ச் 11. ஆளைச் சுற்றவிடுவது தாய்லாந்து. அங்கே உள்ளூர் விற்பனைக்கான பொட்டலங்களில் புத்த ஆண்டு அச்சாகியிருக்கும். அதிலிருந்து 543-ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும். 2570 என்பது 2027. வெறும் 70 என்று இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் 43-ஐக் கழியுங்கள். சீனப் பொட்டலங்கள் பலவற்றில் தயாரித்த தேதி மட்டும் பெரிதாக இருக்கும். எத்தனை மாதம் தாங்கும் என்பது வேறொரு மூலையில் இருக்கும். தேதி பழசாயிருக்கிறதே என்று தூக்கிப் போடுமுன் கூட்டிப் பாருங்கள்.

கடையில் வாங்குவதானால் இந்திய இறக்குமதி ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண், சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் எல்லாம் அதில் இருக்கும். அந்த ஸ்டிக்கரை அசல் தேதியின் மேலேயே ஒட்டி மறைத்திருந்தால் வாங்காதீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

மலாய், இந்தோனேசியப் பொட்டலம் ஆங்கில எழுத்தில் இருப்பதால் நாலைந்து சொல் தெரிந்தால் போதும். உடாங் என்றால் இறால், இக்கான் மீன், கச்சாங் கடலை, சந்தான் தேங்காய்ப்பால், பெடாஸ் காரம், பாபி பன்றி. ஹலால் பார்ப்பவர்கள் மலேசியாவின் ஜாக்கிம், சிங்கப்பூரின் மூயிஸ் முத்திரையைத் தேடுங்கள். போன தடவை வந்த அதே நூடுல்ஸ்தானே என்று பார்க்காமல் விடக்கூடாது. ஒரே கம்பெனி கொரியாவுக்குள் விற்பதும் மலேசியாவுக்கு அனுப்புவதும் வேறு வேறு சரக்காக இருக்கும்.

சேர்மானப் பட்டியலில் சேர்க்கைப் பொருளுக்குப் போடும் எண்களில் சிலவற்றை மனதில் வையுங்கள். 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். 471, 631 இரண்டும் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். சைவ முத்திரையோ ஹலால் முத்திரையோ இல்லாமல் எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. மெல்லும் மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கிறதா என்று தனியே பாருங்கள். 406, 407 இரண்டும் கடற்பாசிச் சரக்கு, பயப்பட ஒன்றுமில்லை. 406 நோன்புக்கு வீட்டில் காய்ச்சும் அதே கடல்பாசி. 407 மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்களே, அந்தக் கப்பாபைகஸ் பாசியிலிருந்து எடுப்பது.

கெரோப்போக் பொரிப்பது

பொரித்து அடைத்த இறால் சிப்ஸை விட, பொரிக்காத பச்சை வில்லையாக வரும் கெரோப்போக்கை, அதாவது மலாய் இறால் அப்பளத்தை, வாங்குங்கள். விலையும் குறைவு, ருசியும் மேல். பெட்டியில் நொறுங்கவும் செய்யாது. நம் வத்தல் பொரிப்பது மாதிரிதான், ஆனால் வில்லை தடிமன் என்பதால் ஈரம் இருந்தால் பொங்காது. உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் காயப்போடுங்கள். ஒடித்தால் வளையாமல் டக்கென்று முறிய வேண்டும். வாடைக் காலத்தில் வெயில் கிடைக்காவிட்டால் வெறும் தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, வில்லைகளை அதில் பரப்பி வைக்கலாம்.

வாணலியில் இரண்டு அங்குல உயரத்துக்கு எண்ணெய் வேண்டும். 180 டிகிரி சரியான சூடு. வெப்பமானி இல்லையென்றால் ஒரு வில்லையைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் நாலைந்து நொடிக்குள் ஓரம் சுருண்டு, பூவாக விரிந்து மேலே வந்தால் பதம். அடியிலேயே கிடந்து, நடுவில் கண்ணாடி மாதிரி கெட்டியாக நின்றால் எண்ணெய் சூடு போதவில்லை, அல்லது வில்லை காயவில்லை. விரியுமுன் ஓரம் சிவந்தால் சூடு அதிகம். ஒரு ஈட்டுக்கு மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம். விரியும்போது கரண்டியால் லேசாக அமுக்கி, ஒரு தரம் புரட்டி, நிறம் மாறுமுன் எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் சிவக்கும். ஆறியதும் டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து அத்தனையும் நமத்துவிடும்.

கடற்பாசித் தாளும் உள்ளிருக்கும் சிறு பையும்

இந்தக் கரையில் நோரி எனப்படும் கடற்பாசித் தாளைப் பிரித்து வைத்தால் கால் மணி நேரத்தில் ரப்பராகிவிடும். சின்னப் பொட்டலமாக வாங்கி, பிரித்த கையோடு முடித்துவிடுங்கள். நமத்த தாளை வெறும் தோசைக்கல்லில், சிறு தீயில், பக்கத்துக்குப் பத்து நொடி வாட்டினால் மறுபடி மொறுமொறுக்கும். மேலே சர்க்கரை தடவிய வகை கருகும், அதை வாட்ட வேண்டாம். உப்பும் நல்லெண்ணெயும் தடவிய கொரியத் தாள் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெகு பொருத்தம்.

பொட்டலத்துக்குள் இருக்கும் சிறு பை மூன்று வகை. கண்ணாடி மணி மாதிரி உருளுவது சிலிக்கா ஜெல். கறுப்புத் தூள் இரும்பு. அது காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுப்பது. கடற்பாசிப் பொட்டலத்தில் வெள்ளைத் தூளோ கட்டியோ இருந்தால் அது பெரும்பாலும் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டால் கொதிக்கும், வாயிலோ கண்ணிலோ பட்டால் புண்ணாக்கும். குழந்தை கைக்கு எட்டவிடாமல், நனையவிடாமல் குப்பையில் போடுங்கள்.

நூடுல்ஸ்: எந்தத் தண்ணீர், எவ்வளவு

போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர்களில் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோதான் ஊற்ற வேண்டும். மசாலாவிலேயே உப்பு தூக்கலாக இருக்கும். சூப் நூடுல்ஸ் ஒரு பொட்டலத்தில் 1,500 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருப்பது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2,000 மில்லிகிராம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாதி மசாலா போட்டு, சூப்பைக் குடிக்காமல் விடுவது நல்லது.

ஷின் ராம்யுன் 120 கிராம் பொட்டலத்துக்கு 550 மில்லி தண்ணீர், நாலரை நிமிடம். இந்தோமி மீ கோரெங்குக்கு 400 மில்லியில் மூன்று நிமிடம் வேகவைத்து, நீரை ஒட்ட வடிக்க வேண்டும். மசாலா, எண்ணெய் எல்லாவற்றையும் முதலில் தட்டில் கொட்டி, அதன்மேல் நூடுல்ஸைப் போட்டுப் பிரட்டுங்கள். மேகி பழக்கத்தில் நீரோடு விட்டால் சொதசொதவென்றாகி ருசியே தெரியாது.

கொரியாவின் கார நூடுல்ஸான புல்டாக் 600 மில்லியில் ஐந்து நிமிடம் வேக வேண்டும். எட்டுக் கரண்டி நீரை மட்டும் நிறுத்தி மீதியை வடித்து, சாஸை ஊற்றி அரை நிமிடம் தீயில் கிளறுங்கள். முதல் தடவை சாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆந்திரா மிளகாய் தின்பவனுக்கு இதென்ன என்று முழுசும் ஊற்றுவார்கள். இந்தக் காரம் மிளகாய்ச் சாறிலிருந்து வருவது, நாக்கில் மட்டுமல்ல, வயிற்றிலும் தெரியும். இதன் கடுங்கார வகைகளை 2024 ஜூனில் டென்மார்க் அரசு கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். எரிந்தால் தண்ணீர் உதவாது, பாலோ தயிரோதான்.

குடிப்பவை

தூள், சர்க்கரை, கிரீம் மூன்றும் கலந்த தே தாரிக் (மலேசிய ஆற்றுத் தேநீர்), வெள்ளைக் காபிப் பொடிகளைக் கடின நீரில் கரைத்தால் கிரீம் திரிதிரியாக மிதக்கும். பொடி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள், குற்றம் தண்ணீரில். உறையில் போட்ட அளவுக்கு மேல் நீர் ஊற்றாதீர்கள்.

கேன் வாங்கும்போது மூடி, அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். கடலோரக் கடைகளில் துரு சீக்கிரம் ஏறும். துடைத்தால் போகும் துரு பரவாயில்லை. விளிம்பு மடிப்பை அரித்திருந்தாலோ, கேன் உப்பியிருந்தாலோ வேண்டாம். சர்க்கரைக் கணக்கு எளிது. 100 மில்லிக்கு 8 கிராம் என்று போட்டிருந்தால் 300 மில்லி கேனில் 24 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. சிஞ்சாவ் என்னும் கறுப்புப் புல் ஜெல்லிப் பானம் நன்றாகக் குளிர்ந்தால்தான் எடுபடும், அறைச் சூட்டில் மருந்து வாடை அடிக்கும். பொக்காரி ஸ்வெட் என்னும் ஜப்பானியப் பானம் வெயிலில் வேலை செய்பவருக்குச் சரி. வயிற்றுப்போக்குக்கு அதை ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது, அதில் உப்பு மிகக் குறைவு.

ஜப்பானின் ராமுனே நம் கோலி சோடா ஜாதிதான். பாட்டிலை மேசையில் வைத்து, பிளாஸ்டிக் கட்டையை உள்ளங்கையால் அழுத்தி, கோலி விழுந்த பிறகும் ஐந்து நொடி கையை எடுக்காமல் இருங்கள்; உடனே எடுத்தால் பாதி பொங்கிப்போகும். குடிக்கும்போது கழுத்தில் உள்ள இரண்டு குழிகள் கீழ்ப்பக்கம் இருக்கட்டும், கோலி அதில் தங்கும்.

ஜெல்லி, சாக்லேட், டுரியான்

சின்னக் கப்பில் வரும் கொன்ஜாக் (ஒரு வகைக் கிழங்கு) ஜெல்லியை உறிஞ்சித் தின்னக் கூடாது. நம் கடல்பாசி பல்லில் பட்டதும் உடையும், கொன்ஜாக் உடையாமல் வழுக்கிக்கொண்டு தொண்டையை அடைக்கும். இதனால் சாவு நேர்ந்ததால்தான் ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சின்னக் கப்புகளைத் தடை செய்தது. சிறு பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் கரண்டியால் நறுக்கித் தின்னலாம்.

சாக்லேட் பூசிய குச்சி பிஸ்கட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை என்று பதற வேண்டாம். வெயிலில் உருகிய கொழுப்பு மேலே வந்து மறுபடி உறைந்தது அது; ருசி கொஞ்சம் மட்டு, கெடுதல் இல்லை. பஞ்சு மாதிரி முடி விட்டிருந்தால்தான் பூஞ்சை. பிரிட்ஜில் வைத்ததை வெளியே எடுத்து அரை மணி நேரம் கழித்துப் பிரியுங்கள், இல்லாவிட்டால் வேர்த்து ஒட்டும். டுரியான் மிட்டாயை மட்டும் இரட்டை உறை போட்டு, ரப்பர் வளையம் உள்ள இறுக்கமான டப்பாவில் பிரிட்ஜுக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் பாலும் மாவும் சேர்ந்து மணக்கும்.