பரணில் அழியும் கூடாரம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தக் கூடாரத்துடன் மலையேறும் குடும்பங்கள் இப்போது பெருகிவிட்டன. கொடைக்கானல், ஏலகிரி, வால்பாறை போன்ற இடங்களில் அனுமதி பெற்ற முகாம்களில் தங்கும்போதெல்லாம், தொடக்க காலத்தில் எங்கள் குழுவினர் செய்த பிழைகளையே புதியவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். சுத்தியலை மறந்துவிடுவது, இருட்டிய பிறகு கூடாரத்தைப் பிரிப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை முதல் இரவே கற்றுக்கொடுத்துவிடும். செய்யும்போது தவறென்றே தெரியாமல், பின்னால் பணத்தையும் பயணத்தையும் கெடுப்பவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கூடாரத்தைவிடப் பெரிய தார்ப்பாய்

கல்லும் முள்ளும் அடித்துணியைக் கிழிக்காமலிருக்கக் கூடாரத்தின் கீழே தார்ப்பாய் விரிப்பது நல்ல வழக்கம். ஆனால் கடையில் கிடைத்த அளவிலேயே அதை விரித்து, நான்கு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க விட்டுவிடுகிறார்கள். மழை வந்ததும், கூடாரத்தின்மேல் தனியாகப் போர்த்தும் மழைத்துணியான மேல்விரிப்பில் வழியும் நீர் அந்த நீட்சியில் விழுந்து, தார்ப்பாய்க்கும் அடித்துணிக்கும் இடையே ஓடித் தேங்கிவிடுகிறது. படுத்திருப்பவர்களின் முழங்கையும் முழங்காலும் அழுத்தும் இடங்களில் அந்த நீர் உள்ளே கசியத் தொடங்கும். தார்ப்பாய் கூடாரத்தின் அடித்தளத்தைவிட எல்லாப் பக்கமும் நாலு விரற்கடையாவது உள்ளடங்கியிருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஓரங்களைக் கீழ்ப்புறமாக மடித்துவிடலாம்; மேற்புறமாக மடித்தால் நீரை ஏந்தும் தொட்டியாகிவிடும். சுற்றிலும் வாய்க்கால் வெட்டுவதும் தீர்வன்று, ஏனெனில் மலைச்சரிவில் கிளறிய மண் அடுத்த மழையில் அரித்துக்கொண்டு போய்விடும்.

இழுகயிறுகளைப் பையிலேயே விட்டுவைப்பது

வானம் தெளிந்திருக்கிறது, கூடாரம் தானாகவே நிற்கிறது, மேல்விரிப்பிலிருந்து முளைக்கு இழுத்துக் கட்டும் கயிறு எதற்கு என்று கேட்கிறார்கள். காற்றுக்காக மட்டும் கயிறு கட்டுவதில்லை. மேல்விரிப்பு உள்கூடாரத்தைத் தொடாமல் விலகி நிற்பதற்கும் அதுவே துணை. இரண்டும் ஒட்டிக்கொண்டால் மேல்விரிப்பின் ஈரம் நேராக உள்ளே இறங்கிவிடும். முளையை அடிக்கும்போது அதன் தலை கூடாரத்திற்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும்.

குளிருக்கு அஞ்சிக் காற்றுவழிகளை அடைப்பது

மார்கழி, தை மாதங்களின் மலைக்குளிரில் குழந்தைகளை வைத்துக்கொண்டு எல்லா ஜிப்புகளையும் இழுத்து மூடத் தோன்றுவது இயல்புதான். ஆனால் நான்கு பேர் ஒரு கூடாரத்தில் உறங்கினால், மூச்சாலும் தோலாலும் விடியும்வரை ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. வெளியேற வழியில்லாத ஆவி, குளிர்ந்த மேல்விரிப்பின் உட்புறத்தில் நீர்த்துளிகளாகப் படிந்து, விடியற்காலையில் போர்வையின்மேல் சொட்டும். மழையே இல்லாத இரவில் கூடாரம் ஒழுகுகிறது என்று புகார் சொல்பவர்களில் பெரும்பாலோர் சந்திப்பது இந்த நீரைத்தான். மேலே உள்ள காற்றுவழிகளைத் திறந்து வைத்து, குளிரைக் கம்பளியால் சமாளிப்பதே சரியான முறை.

ஈரத்தோடு மடித்துப் பரணில் ஏற்றுவது

மற்றத் தவறுகள் ஓர் இரவைக் கெடுக்கும். இந்தத் தவறு கூடாரத்தையே கொன்றுவிடும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்காதவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

எனக்குத் தெரிந்த சென்னைக் குடும்பம் ஒன்று, ஆறு பேர் படுக்கும் நல்ல கூடாரம் வாங்கியது. ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும், வெயில் ஏறுமுன் மலையிறங்க வேண்டுமென்று காலைப் பனியோடு அதை மடித்துப் பையில் திணித்து, வீட்டுக்கு வந்ததும் அப்படியே பரணில் வைத்துவிடுவார்கள். ‘மழை பெய்யவில்லையே, எதற்காக உலர்த்த வேண்டும்?’ என்பது அவர்கள் வாதம். மூன்றாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் மலைமேல் அதைப் பிரித்தபோது, மேல்விரிப்பின் உட்புறம் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. புளித்த வாந்தியைப் போன்ற வாடை அடித்தது. தையல்களின்மேல் ஒட்டியிருந்த நாடா கையோடு உரிந்து வந்தது. அன்றிரவு கோடைமழை பெய்தது; குழந்தைகள் காரில் உட்கார்ந்தபடியே உறங்கினார்கள். கடைக்காரர் தரங்கெட்ட பொருளை விற்றுவிட்டார் என்றே அந்தக் குடும்பம் இன்றுவரை நம்புகிறது.

நடந்தது வேறு. பாலியஸ்டர் நூல்களுக்கு இடையே நீர் புகும் இடைவெளி உண்டு. துணியின் உட்புறத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் என்னும் மெல்லிய படலமே மழையைத் தடுத்து நிறுத்துகிறது. கூடாரப் பையின்மேல் 2,000 அல்லது 3,000 மி.மீ. என்று அச்சிட்டிருப்பார்கள், அத்தனை மில்லிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்பது அதன் பொருள். அந்த எண்ணைப் பார்த்து விலை கொடுக்கிறவர்கள், அந்தத் திறன் முழுவதும் இந்தப் படலத்தில்தான் இருக்கிறது என்பதை அறிவதில்லை. ஈரமும் வெப்பமும் சேர்ந்து நெடுநாள் தங்கினால், நீராற்பகுப்பு என்று வேதியியலில் சொல்லும் வினை நிகழ்ந்து, படலத்தின் மூலக்கூறுப் பிணைப்புகள் அறுபடுகின்றன. முதலில் பிசுபிசுக்கும்; பிறகு செதில்செதிலாக உதிரும். கான்கிரீட் தளத்திற்குச் சற்றே கீழுள்ள பரண், கோடையில் இதற்கு வேண்டிய வெப்பத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியும் அப்படியே. பூஞ்சணம் அவ்வளவு காலம்கூடக் காத்திருப்பதில்லை. ஈரத்துணி இரண்டு மூன்று நாள் மூட்டையாகக் கிடந்தாலே கரும்புள்ளிகள் தோன்றத் தொடங்கும். அந்துருண்டை போட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஈரத்தை நீக்காது.

மலையிலேயே உலர்த்த நேரமில்லை என்றால் ஈரத்தோடு மடிப்பதில் பிழையில்லை. நனைந்த மேல்விரிப்பைத் தனிப்பையில் போட்டு, உள்கூடாரத்தோடு சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிழை தொடங்குவது வீட்டில்தான். பயணக் களைப்பு எவ்வளவு இருந்தாலும், வீட்டுக்கு வந்த அன்றே அதைப் பிரித்துக் கொடியில் போட வேண்டும். மொட்டைமாடியில் நிழலும் காற்றும் உள்ள இடம் சிறந்தது. நாள்முழுதும் கடும் வெயிலில் கிடந்தால் புறஊதாக் கதிர்கள் நூலை நலிவடையச் செய்யும். மாடி இல்லாத அடுக்ககத்தில் நாற்காலிகளின்மேல் விரித்து மின்விசிறியை ஓடவிட்டு, இடையில் ஒருமுறை திருப்பிப் போட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள்கூட ஆகலாம். பரந்த துணி விரைவில் காய்ந்துவிடும். மடித்துத் தைத்த ஓரங்கள், நாடாப் பட்டைகள், ஜிப்பின் மூடுதுணி ஆகியவற்றில்தான் ஈரம் ஒளிந்திருக்கும். அவற்றைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, சில்லென்று இல்லாவிட்டால் மட்டுமே மடிக்க வேண்டும்.

மடித்ததை அதன் இறுக்கமான பையில் மீண்டும் திணிக்காமல், பழைய பருத்தி வேட்டியில் தளர்வாகச் சுற்றி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைப்பது நல்லது.

பூஞ்சணம் ஏற்கெனவே பிடித்திருந்தால், நன்றாகக் காயவைத்து, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டியெடுத்து, சிறிதளவு மென்சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சினால் துடைக்கலாம். கறை முழுவதும் போகாது. ஆனால் பிளீச்சிங் பவுடர் போட்டு அதைப் போக்க முயன்றால் கறையோடு பூச்சும் கெடும். பூச்சு பிசுபிசுக்கத் தொடங்கிய கூடாரத்தை எந்தச் சோப்பும் மீட்காது. அதை வெயில்காலத்தில் நிழற்பந்தலாகக் கட்டிக்கொள்ளலாம், மழைக்கு நம்பக் கூடாது.

சலவை இயந்திரம்

வேண்டவே வேண்டாம்.

கூடாரத்துக்குள் கரி அடுப்பு

அணைந்ததுபோல் தோன்றும் கரியும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை வெளியிடும். அதற்கு மணமில்லை, உறங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

கம்பிகளைப் பிடித்து இழுப்பது

கண்ணாடியிழைக் கம்பிகளைத் துணிக்குழலிலிருந்து எடுக்கும்போது ஒரு முனையைப் பிடித்து இழுத்தால், இணைப்புகள் குழலுக்குள்ளேயே கழன்று சிக்கிக்கொள்ளும். கம்பித் துண்டுகளைக் கோத்து உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறும் நாளடைவில் தளர்ந்துபோகும். எப்போதும் மறுமுனையிலிருந்து தள்ள வேண்டும். மடிக்கும்போது நடு இணைப்பிலிருந்து தொடங்கினால் கயிறு இருபுறமும் சமமாக நீளும். விரிசல் விட்ட கம்பியைக் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது, அதன் சிலும்புகள் தோலில் ஏறினால் எடுப்பது கடினம். உடைந்த இடத்தின்மேல் செருகிக் கட்டுவதற்கான சிறு உலோகக்குழல் ஒன்றை முளைப்பையில் போட்டு வைத்திருந்தால், மறுநாள் காலைவரை கூடாரம் நிற்கும்.